ஆனந்த குமாரசுவாமி: நமக்குக் கலைக்கண் தந்தவரும் அவர் காணாது விட்டவையும்

சாத்தான்குளம் வட்டாரத்துத் தேரிக்காட்டு ஊர்களில் பனையோலைப் பெட்டி இல்லாத வீடு ஒரு காலத்தில் இருந்ததில்லை. கருப்பட்டி வைக்க ஒரு பெட்டி, நெல் அளக்க ஒரு பெட்டி, மணப்பெண்ணின் சீர்வரிசைக்கென்று சாயமேற்றிய ஓலையால் முடைந்த ஒரு பெட்டி என்று வகை வகையாக இருந்தன. அவற்றை முடைந்தவரைக் கலைஞர் என்று எவரும் அழைத்ததில்லை. பெட்டி பழுதானால் அடுப்புக்குப் போயிற்று. ஆனால் அதே பெட்டி அயல்நாட்டுக் காட்சிச்சாலை ஒன்றில் கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்பட்டால், நாம் கட்டணம் கொடுத்து உள்ளே சென்று வியந்து நிற்போம். இந்த முரண்பாட்டை முதன்முதலாக உலகறியச் சுட்டிக் காட்டி, பயன்படும் பொருளுக்கும் கலைப்பொருளுக்கும் இடையே மேலைநாட்டார் எழுப்பிய சுவரை இடித்துத் தள்ளியவர்களுள் தலையாயவர் ஒரு தமிழரின் மகன். கொழும்பில் பிறந்து, இங்கிலாந்தில் வளர்ந்து, அமெரிக்காவில் மறைந்த ஆனந்த குமாரசுவாமியே அவர்.

அவரைப் பற்றித் தமிழில் எழுதியோர் பெரும்பாலும் ஆடவல்லானின் திருவுருவத்தை உலகுக்கு விளக்கியவர் என்ற அளவில் நிறுத்திக் கொள்கின்றனர். அப்புகழ் அவருக்கு உரியதே. எனினும் முஸ்லிம் சமுதாயத்தைச் சேர்ந்த நாம் அவரை அறிந்துகொள்ள வேறு காரணங்களும் உள்ளன. பாரசீக, முகலாயக் கலைகளைப் பற்றி அவர் ஆழ்ந்து எழுதியிருக்கிறார். சில இடங்களில் முஸ்லிம்களின் கலைப்பங்கை அவர் குறைத்தும் மதிப்பிட்டிருக்கிறார். பிற்காலத்தில் இஸ்லாமியக் கலையைப் பற்றிச் சிந்தித்த பேரறிஞர் பலர் அவரைத் தம் முன்னோடியாக ஏற்றிருக்கின்றனர். இம்மூன்றையும் ஒருசேர நோக்கினால்தான் அந்த மனிதரின் முழு உருவம் நமக்குத் தெரியும்.

தந்தையும் மகனும்

ஆனந்த குமாரசுவாமியின் தந்தையார் சர் முத்து குமாரசுவாமி இலங்கைத் தமிழருள் புகழ் வாய்ந்தவர். கிறித்தவரோ யூதரோ அல்லாத ஒருவர் இங்கிலாந்தில் பாரிஸ்டர் ஆக முடியாதிருந்த காலத்தில், 1863இல் அந்தத் தடையைக் கடந்து வழக்கறிஞரானவர் அவர். அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். பாலி மொழிப் பௌத்த நூல்களையும் மொழிபெயர்த்தவர். 1874இல் பிரிட்டிஷ் அரசு அவருக்குச் சர் பட்டம் அளித்தது. சர் பொன்னம்பலம் இராமநாதனும் சர் பொன்னம்பலம் அருணாசலமும் அவருடைய சகோதரியின் மக்கள்.

சர் முத்து, எலிசபெத் பீபி என்னும் ஆங்கிலப் பெண்மணியை மணந்தார். அவர்களுடைய ஒரே மகன் 1877 ஆகஸ்டு 22ஆம் நாள் கொழும்பில் பிறந்தார். குழந்தைக்கு இரண்டு வயது நிறையும் முன்பே தாய் அதனை எடுத்துக்கொண்டு இங்கிலாந்து சென்றார். பின்னே புறப்பட இருந்த தந்தை, 1879 மே மாதம் பயணத்துக்கு ஆயத்தமாக இருந்த நிலையிலேயே காலமானார். இவ்வாறு தந்தையின் முகத்தையோ மொழியையோ அறியாமல், ஆங்கிலச் சூழலில், தாயின் அரவணைப்பில் அந்தச் சிறுவன் வளர்ந்தான். கீழைநாட்டு மரபின் ஒப்பற்ற உரையாசிரியராகப் பின்னாளில் விளங்கப்போகிறவருக்கு இளமையில் அம்மரபோடு இருந்த தொடர்பு தந்தை விட்டுச் சென்ற பெயர் ஒன்றே எனலாம்.

கல்லைத் தேடி வந்தவர்

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் அவர் கற்றது நிலவியலும் தாவரவியலும். 1900இல் முதல் வகுப்பில் தேறினார். இலங்கையின் கனிவள ஆய்வுத் துறைக்கு 1903இல் தலைவராக நியமிக்கப்பட்டு 1906வரை அப்பதவியில் இருந்தார். தோரியம் மிகுந்த ஒரு புதிய கனிமத்தை 1904இல் அவர் கண்டறிந்தார். அது தோரியனைட் என்று பெயர் பெற்றது. இலங்கை நிலவியல் ஆய்வுக்காக இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. அவர் அத்துறையிலேயே நின்றிருந்தாலும் அறிவியல் வரலாற்றில் அவருக்கு ஓரிடம் இருந்திருக்கும்.

கனிமம் தேடி ஊர் ஊராகச் சுற்றியபோது அவர் கண்ணில் பட்டவை வேறு. கண்டி அரசு 1815இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. அதன்பின் அரசரின் ஆதரவை இழந்த தட்டாரும் தச்சரும் ஓவியரும் தந்தத்தில் செதுக்குவோரும் வறுமையில் வாடிக்கொண்டிருந்தனர். அவர்கள் கையில் தலைமுறை தலைமுறையாக வந்த நுட்பம் இருந்தது. அதை வாங்குவோர் இல்லை. வசதி படைத்த குடும்பங்களோ தாத்தா காலத்துப் பித்தளையையும் மரச்சிற்பத்தையும் விற்றுவிட்டு, ஐரோப்பியத் தொழிற்சாலைப் பண்டங்களை வாங்கி வரவேற்பறையை நிரப்பிக் கொண்டிருந்தனர். இதனைக் கண்ட இளைஞரின் உள்ளம் கொதித்தது. இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கம் என்ற அமைப்பைத் தோற்றுவிப்பதில் அவர் முன்னின்றார். மேலைநாட்டாரின் உடையையும் நடையையும் கண்மூடிப் பின்பற்றுவதைக் கண்டித்து எழுதலானார். இதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பழைமை என்பதற்காக எதையும் அவர் போற்றவில்லை. ஒரு சமுதாயத்தின் கைத்திறன் அழியும்போது அதன் சிந்தனையும் உடன் அழிகிறது என்பதே அவர் கண்ட உண்மை.

அவர் திரட்டிய செய்திகள் 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை என்னும் பெருநூலாக வெளிவந்தன. அதனை அச்சிட்ட வரலாறே சுவையானது. எந்திர நாகரிகத்தை எதிர்த்துக் கைவினைக்கு வாதாடிய ஆங்கிலக் கவிஞர் வில்லியம் மாரிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே அந்நூல் அச்சாயிற்று. 425 படிகளே வெளியாயின. அவற்றை அச்சிட ஓராண்டுக்கு மேலாயிற்று. கோயில் ஓவியத்தோடு துணி நெய்தல், பாய் முடைதல், சாயமேற்றுதல், பானை வனைதல் ஆகியவற்றுக்கும் அந்நூலில் இடம் உண்டு. கைவினைஞர் பெற்றிருந்த நிலமானியம், சமுதாயத்தில் அவர்களுக்கிருந்த மதிப்பு, தொழில் கற்பிக்கப்பட்ட முறை ஆகியவற்றையும் அவர் விரிவாக ஆராய்ந்தார். செய்தவனின் வாழ்வை விட்டுவிட்டுச் செய்பொருளை மட்டும் பேசுவது கலையாராய்ச்சி ஆகாது என்பதை அந்நூல் நிலைநாட்டியது. அவருக்கு அப்பணியில் துணைநின்ற முதல் மனைவி எதெல், பிற்காலத்தில் இங்கிலாந்தின் கைத்தறி நெசவுக்குப் புத்துயிர் அளித்தவராகப் புகழ் பெற்றார்.

இந்தியக் கலைக்காக வாதாடியவர்

அக்காலத்தில் இந்தியாவுக்கு நுண்கலை என்று ஒன்று உண்டா என்பதே இலண்டனில் ஐயமாக இருந்தது. 1910 ஜனவரியில் அரசு கலைக் கழகத்தில் ஹாவெல் என்பார் இந்தியக் கலை பற்றிக் கட்டுரை வாசித்தார். சென்னையிலும் கல்கத்தாவிலும் கலைப்பள்ளித் தலைவராக இருந்தவர் அவர். கூட்டத்துக்குத் தலைமை வகித்த சர் ஜார்ஜ் பேர்ட்வுட் இந்தியக் கைத்தொழில்களை உவந்து போற்றியவர்தாம். ஆயினும் சாவகத்துப் புத்தர் சிலை ஒன்றைக் காட்டி, அதனை அவித்த கொழுப்புப் பண்டத்தோடு ஒப்பிட்டு எள்ளினார். அவ்வாண்டு பிப்ரவரியில் ஆங்கிலக் கலைஞர்களும் அறிஞர்களுமாகப் பதின்மூவர் கையொப்பமிட்ட மறுப்புக் கடிதம் டைம்ஸ் நாளேட்டில் வெளியாயிற்று. இந்தியச் சங்கம் என்ற அமைப்பும் தோன்றிற்று. அதை நிறுவியவர்களுள் குமாரசுவாமியும் ஒருவர்.

அதே ஆண்டு இறுதியில் தொடங்கிய அலகாபாத் பொருட்காட்சியில் கலைப்பகுதி அவர் பொறுப்பில் இருந்தது. அப்பொழுதும் அதற்கு முன்பின்னும் வட இந்தியாவெங்கும் அலைந்து, எவரும் பொருட்படுத்தாதிருந்த இராஜபுத்திர, பஹாரி ஓவியங்களைத் திரட்டினார். நாட்டுக்கென ஒரு காட்சிச்சாலை அமையுமானால் அத்தொகுதி முழுவதையும் அளிக்க அவர் முன்வந்தார். அதற்கு ஆதரவு கிட்டவில்லை. சுதேசி இயக்கம் கொடிகட்டிப் பறந்த அந்நாளில், அன்னியத் துணியை விலக்கிவிட்டு அதே போன்ற மட்டத் துணியை நம் ஆலைகளில் நெய்வது சுதேசியம் ஆகாது என்று அவர் துணிந்து எழுதினார். நம்முடைய கைவினைஞனைப் பட்டினி போட்டுவிட்டு நாம் அடையும் விடுதலை எத்தகையது என்பது அவர் எழுப்பிய வினா. நூறாண்டு கடந்தும் அவ்வினாவின் கூர்மை மழுங்கவில்லை.

முதல் உலகப் போர் வந்தது. அடிமைப்பட்ட இந்தியாவின் சார்பில் ஆங்கிலப் படையில் சேர அவர் மறுத்தார். அதனால் இங்கிலாந்தில் வாழ்வு கடினமாயிற்று. தம் ஓவியத் தொகுதியோடு அமெரிக்கா சென்றார். பாஸ்டன் நுண்கலைக் காட்சிச்சாலைக்காக டென்மன் ராஸ் என்னும் செல்வர் அத்தொகுதியை வாங்கி 1917இல் வழங்கினார். அக்காட்சிச்சாலையின் இந்தியக் கலைப்பிரிவுக்குக் குமாரசுவாமி காப்பாளரானார். சாகும்வரை 30 ஆண்டுகள் அவருக்கு அதுவே பணிக்களமாக இருந்தது.

1918இல் வந்த சிவ நடனம் என்ற கட்டுரைத் தொகுதி, 1927இல் வந்த இந்திய, இந்தோனேசியக் கலை வரலாறு, 1934இல் வந்த கலையில் இயற்கையின் உருமாற்றம் ஆகியவை அவருடைய நூல்களுள் குறிப்பிடத் தக்கவை. புத்தர் உருவம் கிரேக்கரிடமிருந்து வந்தது என்று பிரெஞ்சு அறிஞர் பூஷே நிறுவ முயன்றபோது, மதுராவில் இந்தியச் சிற்பிகளே அதனைத் தனித்து உருவாக்கினர் என்று 1927இல் சான்றுகளோடு மறுத்தார். இந்தியர் எதைச் செய்தாலும் அது பிறரிடம் கற்றதே என்ற எண்ணத்துக்கு விழுந்த பலத்த அடி அது.

இஸ்லாமியக் கலையில் அவர் ஈடுபாடு

பாஸ்டன் காட்சிச்சாலையில் அவர் 1933 முதல் வகித்த பதவியின் பெயர், இந்திய, பாரசீக, முஹம்மதியக் கலைகளின் ஆராய்ச்சியாளர் என்பதாகும். அது வெறும் பெயரளவிலான பட்டம் என்று எண்ணிவிடக் கூடாது. அல்ஜஸரி என்னும் முஸ்லிம் பொறியியல் மேதை இன்றைய துருக்கியிலுள்ள தியார்பக்கர் நகரில் இருந்து 1206ஆம் ஆண்டளவில் எழுதி முடித்த எந்திர நூல் உலகப் புகழ் பெற்றது. நீர்க்கடிகாரங்கள், ஒளுச் செய்யத் தண்ணீர் வார்க்கும் தானியங்கிக் கருவிகள், நீரிறைக்கும் பொறிகள் ஆகியவற்றின் அமைப்பு அதில் படங்களோடு விளக்கப்பட்டுள்ளது. அந்நூற்படி ஒன்றின் ஏடுகள் பாஸ்டனுக்கு வந்து சேர்ந்திருந்தன. அவற்றை ஆராய்ந்து 1924இல் குமாரசுவாமி ஒரு தனிநூல் வெளியிட்டார். அல்ஜஸரியின் பெயரை மேலைநாட்டுக் கலையுலகம் அறிவதற்கு அதுவும் ஒரு வாயிலாயிற்று.

கொலுபியூ என்பாரிடமிருந்து காட்சிச்சாலை 1914இல் பெற்ற பாரசீக, முகலாய ஓவியங்களுக்கு 1929இல் அவர் விளக்கநூல் எழுதினார். 1930இல் காட்சிச்சாலையின் முகலாய ஓவியங்களுக்கு விரிவான பட்டியல் வெளியிட்டார். அவற்றுள் ஒரு கோட்டோவியம் நெஞ்சை உலுக்குவது. பேரரசர் ஜஹாங்கீரின் அவையைச் சேர்ந்த இனாயத்கான் அபினிக்கும் மதுவுக்கும் அடிமையாகி, 1618இல் தோல் போர்த்த எலும்புக்கூடாகி மரணத் தறுவாயில் கிடந்தார். விடைபெற வந்த அவரைக் கண்டு திடுக்கிட்ட பேரரசர், அவரை உள்ளது உள்ளபடி தீட்டுமாறு ஓவியர்களைப் பணித்ததாகவும், மறுநாளே அவர் இறந்ததாகவும் தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். தலையணைகளில் சாய்ந்து வெறித்து நோக்கும் அந்த உருவத்தில் அலங்காரம் ஏதுமில்லை; இரக்கமும் உண்மையும் மட்டுமே உள்ளன. இத்தகைய ஓவியங்களை வரிசைப்படுத்தி, நாள் குறித்து, உலகின் பார்வைக்கு வைத்த உழைப்பு எளியதன்று.

1934இல் இஸ்லாமியக் கலைக்கென்றே தொடங்கப்பட்ட ஆய்விதழின் முதல் தொகுதியில், குவாஜா ஹிள்று நபி (அலை) அவர்களையும் ஜீவ ஊற்றையும் பற்றி அவர் எழுதிய கட்டுரை வெளியாயிற்று. திருக்குர்ஆனின் கஹ்பு அத்தியாயத்தில் மூஸா நபி (அலை) அவர்கள் இரு கடல்கள் கூடுமிடத்தில் சந்தித்த அறிவுச் செல்வரை ஹிள்று என்று விரிவுரையாளர்கள் கூறுவர். மீன் உயிர்பெற்று நீரில் சென்ற அடையாளமும் அங்குக் கூறப்படுகிறது. முகலாய ஓவியங்களில் மீன்மீது நிற்கும் பெரியவராக ஹிள்று தீட்டப்பட்டிருப்பதன் காரணத்தை இவ்வழியே குமாரசுவாமி ஆராய்ந்தார். ஆற்றங்கரை மக்களின் வழக்குகளையும் நாட்டுக் கதைகளையும் அவர் இதற்குத் துணையாகக் கொண்டார். வேதகால நீர்த்தெய்வங்களோடு அவர் காட்டும் ஒப்புமைகளை மார்க்கக் கல்வி உடையோர் அனைவரும் ஏற்பர் என்று சொல்ல முடியாது. ஏற்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் ஓர் ஓவியத்தைப் புரிந்துகொள்ள அதன் பின்னுள்ள வேதத்தையும் நம்பிக்கையையும் முதலில் மதித்துக் கற்க வேண்டும் என்ற அவருடைய நெறி நமக்கு உவப்பானது.

அவர் காணாது விட்டவை

நீதியாக எடைபோடுவது நம் கடமை. புகழுரையோடு நிறுத்தினால் கட்டுரை அரைகுறையாகிவிடும்.

1916இல் வெளியான இராஜபுத்திர ஓவியம் என்னும் இரு தொகுதி நூல் அவருக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தது. அதுவரை முகலாய ஓவியத்தின் தேய்ந்த சாயல் என்று ஒதுக்கப்பட்டிருந்த ஒரு மரபுக்கு அது தனித்தகுதி தேடித் தந்தது. ஆனால் அதற்காக அவர் வகுத்த பாகுபாடு கூர்மையானது. முகலாய ஓவியம் அரசவைக்கு உரியது, உலகியல் சார்ந்தது, தனிமனிதரின் முகத்தில் ஆர்வம் கொண்டது. இராஜபுத்திர ஓவியமோ மக்களுடையது, சமயம் சார்ந்தது, உள்ளுணர்வு மிக்கது என்பது அதன் சாரம். இப்பாகுபாட்டைப் படித்தவர்கள், முஸ்லிம் ஆட்சிக்காலக் கலை இந்த மண்ணில் வேரூன்றாதது என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிட்டனர்.

பின்வந்த ஆராய்ச்சி இந்தச் சுவரைத் தகர்த்துவிட்டது. அக்பரின் அரண்மனை ஓவியர்களுள் சிறந்தோரென அபுல் பஸல் ஆயினே அக்பரியில் குறிப்பிடும் 17 பெயர்களில் 13 இந்துக்களுடையவை. தஸ்வந்தும் பஸாவனும் அவர்களுள் முன்னணியில் நிற்கின்றனர். மகாபாரதத்தைப் பாரசீகத்தில் பெயர்த்து ஓவியங்களோடு ஏடாக்கச் செய்தவர் அக்பர். மறுபுறம், மேவார் இராணாவின் அவையில் 1628இல் இராகமாலை ஓவியங்களையும், பின்னர் 1649 முதல் 1653 வரை உருவான புகழ்பெற்ற இராமாயணச் சுவடிக்கு யுத்த காண்ட ஓவியங்களையும் தீட்டியவர் சாஹிப்தீன் என்னும் முஸ்லிம். பிக்கானேர் அவையின் சிறந்த ஓவியர்களுள் ருக்னுத்தீனும் ஒருவர். அரசர்களின் போர்க்களங்கள் எவ்வாறிருப்பினும், ஓவியர்களின் பட்டறையில் தூரிகையும் வண்ணமும் சமய எல்லை பாராமல் கைமாறின என்பதற்கு இவற்றினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

1927ஆம் ஆண்டின் கலை வரலாற்று நூலிலும் இக்குறை தென்படுகிறது. அது ஆறு பகுதிகளைக் கொண்டது. காஷ்மீர், நேபாளம், திபெத்து, மத்திய ஆசியா, சயாம், சாவகம், இலங்கை அனைத்தும் அதில் இடம் பெற்றுள்ளன. முஸ்லிம் ஆட்சிக்காலக் கட்டடக் கலைக்கென்று ஒரு பகுதி இல்லை. முகலாய ஓவியத்துக்கும் இல்லை. அவற்றைப் பற்றி வேறிடங்களில் விரிவாக எழுதியவர்தாம் அவர். ஆயினும் இந்தியக் கலை என்று தலைப்பிட்ட நூலில் இடமில்லை என்றால் படிப்பவர் என்ன பொருள் கொள்வர்?

இதற்கு வடக்கே போக வேண்டியதில்லை. நம் கடற்கரையே விடை சொல்லும். காயல்பட்டினத்துப் பழைய பள்ளிவாசல்களையும் கீழக்கரை ஜும்ஆப் பள்ளியையும் பாருங்கள். குவிமாடம் இல்லை, கருங்கல் தூண் நிரையும் தட்டையான கற்கூரையும் உள்ளன. தமிழகத்து மண்டபங்களைக் கட்டிய கைகள் எந்த உளியைப் பிடித்தனவோ அதே உளியின் வேலைதான் அங்கும் தெரிகிறது. உருவங்கள் இருக்க வேண்டிய இடத்தில் கொடியும் பூவும் கோலமும் செதுக்கப்பட்டுள்ளன. கிப்லாவை நோக்கிய வெற்று மிஹ்ராபு முழு அமைப்புக்கும் பொருள் தருகிறது. மண்ணின் மரபும் மார்க்கத்தின் ஒழுங்கும் ஒன்றையொன்று சிதைக்காமல் கூடி நிற்பதற்கு இவை எடுத்துக்காட்டுகள். இவை குமாரசுவாமியின் கண்ணில் பட்டிருந்தால், மரபு என்பதற்கு அவர் சொன்ன இலக்கணத்துக்கே மிகச் சிறந்த சான்றாகக் காட்டியிருக்கலாம். மெஹர்தாத் ஷூகூஹி என்னும் அறிஞர் தென்னிந்திய முஸ்லிம் கட்டடக் கலை பற்றி 2003இல் நூல் வெளியிடும் வரையில் இப்பள்ளிகள் உலகக் கலையாராய்ச்சியின் பார்வைக்கு அதிகம் வரவில்லை. குறை குமாரசுவாமியுடையது மட்டுமன்று. நம் செல்வத்தை நாமே எழுதி வைக்காததும் இதற்குக் காரணம்.

நிலைத்த புகழ்

ஒருவருடைய சில முடிவுகள் காலத்தால் திருத்தப்பட்டாலும் அவருடைய நோக்கு நிலைத்து நிற்குமானால் அவரே பேரறிஞர். குமாரசுவாமியின் நோக்கு நிலைத்திருக்கிறது. ஒவ்வொரு மனிதனுக்கும் அவனவன் தொழிலில் கலைஞனாகும் தகுதி உண்டு. கலைஞன் என்று தனிச்சாதி ஒன்றில்லை. நன்றாகச் செய்யப்பட்டு நன்கு பயன்படும் பொருளே அழகிய பொருள். கலைப்பொருளைப் பேழைக்குள் பூட்டுவது அதன் வாழ்வு முடிந்ததற்கு அடையாளம் என்பன அவர் வாழ்நாள் முழுதும் வலியுறுத்திய கருத்துகள். காட்சிச்சாலை ஊழியராக இருந்துகொண்டே காட்சிச்சாலைகளின் பயனைக் கேள்விக்குள்ளாக்கி 1943இல் ஒரு நூலை அவர் எழுதினார் என்பது அவருடைய நேர்மைக்குச் சான்று.

செய்வன அனைத்தையும் இறைவன் காண்கிறான் என்ற உணர்வோடு செம்மையாகச் செய்யும் இஹ்ஸான் என்னும் பண்பை அறிந்த நமக்கு இக்கருத்துகள் புதியவை அல்ல. அதனால்தான் முஸ்லிம் சிந்தனையாளர் பலர் அவரிடம் ஈர்க்கப்பட்டனர். பிரான்சில் பிறந்து, இஸ்லாத்தைத் தழுவி, 1930 முதல் கெய்ரோவில் வாழ்ந்து 1951இல் மறைந்த ரெனே கேனோன் என்னும் ஷைக் அப்துல் வாஹித் யஹ்யாவுடன் குமாரசுவாமி கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். அவருடைய நூல்களைப் பாராட்டி 1943இல் கட்டுரையும் எழுதினார். அவ்வழி வந்த டைட்டஸ் பர்க்ஹார்ட் இஸ்லாமியக் கலை பற்றி 1976இல் வெளியிட்ட நூல் இன்றும் அத்துறைக்கு வழிகாட்டி. மொராக்கோவின் பேஸ் நகரைப் பாதுகாக்கும் பணியிலும் பர்க்ஹார்ட் ஈடுபட்டார். மார்ட்டின் லிங்ஸ், ஈரானிய அறிஞர் செய்யித் ஹுசைன் நஸ்ர் ஆகியோரும் இச்சிந்தனை மரபைச் சார்ந்தவர்களே. இஸ்லாமியக் கலைக்குத் தன் நூலில் ஒரு பகுதி ஒதுக்காதவரின் நெறியே, அக்கலையை விளக்கப் பிற்காலத்தார் கைக்கொண்ட விளக்காயிற்று.

1947 ஆகஸ்டில் இந்தியா விடுதலை பெற்றது. அம்மாதம் 22ஆம் நாள் தம் 70ஆம் பிறந்தநாள் விருந்தில் பேசிய குமாரசுவாமி, பணியை விட்டு இந்தியாவுக்குத் திரும்பும் எண்ணத்தை வெளியிட்டார். ஆனால் செப்டம்பர் 9ஆம் நாள் மசாசூசெட்ஸ் மாநிலத்து நீடம் ஊரில் அவர் உயிர் பிரிந்தது. அவருடைய எழுத்துகளைச் சிதறாமல் காத்தவர்களுள் மலேசியாவில் வாழ்ந்த யாழ்ப்பாணத் தமிழரான எஸ். துரைராஜசிங்கம் முதன்மையானவர். எந்த நிறுவனத்தின் உதவியையும் எதிர்பாராமல், உலகெங்கும் கடிதம் எழுதிக் குறிப்புகள் திரட்டி, நினைவு மலர்களை அவர் வெளியிட்டார். 1977இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பாக ரோஜர் லிப்ஸி மூன்று தொகுதிகளைக் கொணர்ந்தார். தில்லியிலுள்ள இந்திரா காந்தி தேசியக் கலை மையமும் அவருடைய நூல்களை வரிசையாக வெளியிட்டது. கொழும்பில் ஒரு வீதி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பொருநைக் கரையில் அவருடைய பாடம்

இந்த மண்ணிலும் அந்த நோக்கோடு உழைத்தவர் ஒருவர் உண்டு. சாத்தான்குளம் என்னும் ஊர்ப்பெயரைத் தம் பெயரின் முன் தாங்கி நின்ற அ. இராகவன், நம் நாட்டுக் கப்பற்கலை, தமிழ்நாட்டு அணிகலன்கள், கோநகர் கொற்கை, ஆதிச்சநல்லூரும் பொருநைவெளி நாகரிகமும் முதலிய நூல்களை எழுதினார். தோணியையும் தோட்டையும் வரலாற்றுச் சான்றாகக் கண்ட கண் அவருடையது. குமாரசுவாமி கண்டிக் கைவினைஞருக்குச் செய்ததைப் போன்ற பணி, நம் ஊர்ப் பெயரோடு தமிழில் நடந்திருக்கிறது என்பதில் நாம் பெருமை கொள்ளலாம்.

ஆனால் பெருமை பேசிப் பயனில்லை. தாமிரபரணிக் கரையிலுள்ள பத்தமடையில் நம் சமுதாயப் பெண்கள் நெய்யும் பாயை எண்ணிப் பாருங்கள். கோரையை அறுத்து, உலர்த்தி, ஆற்றுநீரில் ஊறவைத்து, மயிரிழை போல் கீறி, சாயமேற்றி, நூற்பாவில் ஊடையாகச் செலுத்துகின்றனர். நேர்த்தியான பாய் பட்டுத்துணி போல் மடிகிறது. மணமக்களின் பெயர் நெய்த கல்யாணப் பாய் சாதி சமய வேறுபாடின்றி இப்பகுதி மக்கள் இல்லங்களுக்குச் சென்றிருக்கிறது. அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. எனினும் நாள் முழுதும் குனிந்து நெய்பவரின் கூலி அந்தப் புகழுக்கு ஈடாக உயர்ந்ததா? மலிவான நெகிழிப் பாயைத் தம் வீட்டுத் திருமணத்துக்கு வாங்குகிறவர் யார்? மேலப்பாளையத்துத் தெருக்களில் தறியோசை கேட்ட காலம் ஒன்றிருந்தது. பின்னர் பீடி சுற்றும் தொழில் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. தேர்ந்த நெசவாளியின் பேரப்பிள்ளைக்குப் பாவு எது, ஊடை எது என்று தெரியாது போனால், அது ஒரு குடும்பத்தின் இழப்பு மட்டுமன்று. சமுதாயத்தின் நினைவே அறுந்ததாகும்.

குமாரசுவாமி எழுப்பிய வினா இங்கேதான் நம் வாசலில் வந்து நிற்கிறது. அவருடைய சிலையை நிறுவுவதாலோ பிறந்தநாள் விழா எடுப்பதாலோ அதற்கு விடை கிடைக்காது. நம் வீட்டுத் திருமணத்துக்குப் பத்தமடைப் பாய் ஒன்றை உரிய விலை கொடுத்து வாங்கலாம். பாட்டனார் காலத்து மரக்கதவையும் செம்புப் பாத்திரத்தையும் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போடும் முன் ஒருமுறை சிந்திக்கலாம். ஊர்ப் பள்ளிவாசலைப் புதுப்பிக்கும்போது கற்றூண்களைச் சுண்ணத்தால் மறைக்காமலும் இடித்துத் தள்ளாமலும் காக்கலாம். அவற்றைக் கட்டியவர், செதுக்கியவர், நிலம் வழங்கியவர் பற்றி முதியோர் கூறும் செய்திகளை எழுதி வைக்கலாம். தந்தையின் முகத்தையே அறியாது வளர்ந்த ஒருவர் தந்தையர் மரபு முழுவதையும் தேடி மீட்டுக் கொடுத்தார். தந்தையரோடும் பாட்டன்மாரோடும் ஒரே கூரையின்கீழ் வாழும் பேறு பெற்ற நாம், அவர்கள் கையில் இன்னும் எஞ்சியிருப்பதைக் கேட்டுக் கற்றுக்கொள்வதற்கு எந்தத் தடையும் இல்லை.